ஏறும்போது மூச்சு, இறங்கும்போது முட்டி

செஞ்சி ராஜகிரிக் கோட்டைக்குப் போய்வந்தவர்களைப் பேசவிட்டுக் கேளுங்கள். ஏறிய கதை முழுக்க மூச்சைப் பற்றியதாக இருக்கும்: பாதி வழியிலேயே இரைத்தது, நாக்கு வறண்டது, நிழல் கண்ட இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். இறங்கிய கதைக்கு வந்ததும் பேச்சு முழங்காலுக்குத் தாவிவிடும். கடைசிப் படிகளில் தொடை வெடவெடத்தது, முட்டிக்குள் குத்தியது, மறுநாள் பஸ் படியில் இறங்கப் பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

பள்ளிக்கூடத்தில் படித்த இயற்பியலை வைத்துப் பார்த்தால் இது முரண். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். அவ்வளவு உயரத்துக்கு உடம்பைத் தூக்கிச் செல்வது நம் செலவு. இறங்கும்போது புவியீர்ப்பு இழுத்துக்கொள்கிறது, நாம் செலவழிக்க அதிகம் ஒன்றுமில்லை. இதயமும் நுரையீரலும் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்கின்றன; இறங்குகையில் யாருக்கும் பெரிதாக மூச்சு வாங்குவதில்லை. முழங்கால் மட்டும் ஏன் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது?

ஜிம்முக்குப் போகிறவர்களுக்கும் இதே புதிர் உண்டு. கீழ்க்கோட்டையில் தானியக் களஞ்சியத்தை அடுத்து நிற்கும் ஒரு கட்டடத்துக்கு உடற்பயிற்சிக் கூடம் என்றே பெயர். தண்டாலும் பஸ்கியும் நம் பழைய தேகப்பயிற்சிச் சாலைகளின் அரிச்சுவடி. இன்று தோளில் இரும்புக் கம்பியையும் பிளேட்டுகளையும் ஏற்றிக்கொண்டு ஸ்குவாட் என்று செய்வதும் அதே பஸ்கிதான், சுமைதான் கூடியிருக்கிறது. அதிலும் எழுவதுதான் கஷ்டம். ஆனால் மறுநாள் தொடை கல்லாக இறுகிக் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் உட்காரும் பாதி. கோட்டைப் படிக்கும் ஜிம்மில் 'லெக் டே' எனப்படும் கால் பயிற்சி நாளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது.

1952இல் அபாட், பிக்லாண்ட், ரிட்சி என்ற மூன்று உடலியங்கியலாளர்கள் வேடிக்கையான ஒரு கருவி செய்தார்கள். இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்தி ஒரே சங்கிலியால் பிணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிப்பார். மற்றவருடைய பெடல் அதனால் பின்னோக்கிச் சுழலும். அவர் அதை எதிர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டே விட்டுக்கொடுப்பார். சங்கிலி ஒன்றுதான் என்பதால் இருவர் காலிலும் விசை ஏறக்குறைய சமம். இருவரும் எவ்வளவு ஆக்சிஜன் செலவழிக்கிறார்கள் என்று அளந்தபோது, மிதிப்பவருக்கு ஆன செலவு எதிர்ப்பவருடையதைப் போல இரண்டு மடங்குக்கு மேலிருந்து ஐந்து மடங்கு வரை போனது. சுழலும் வேகம் கூடக்கூட வித்தியாசமும் கூடியது. லண்டன் ராயல் சொசைட்டியில் இதைச் செய்துகாட்டியபோது சிறிய உருவம் கொண்ட பிரெண்டா பிக்லாண்ட் எதிர்ப்பவராக உட்கார்ந்து, மிதித்த ஆண் சகாவைச் சுலபமாகக் களைக்க வைத்தாராம். சபை சிரித்திருக்கிறது.

தசைக்கு இரண்டு வேலைகள் தெரியும். சுருங்கிக்கொண்டே இழுப்பது ஒன்று. இதைச் சுருங்கு இயக்கம் எனலாம். விசையை விடாமல், ஆனால் தோற்று நீண்டுகொண்டே போவது இன்னொன்று. இது நீள் இயக்கம். படி ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டபடி பிரேக் பிடிக்கிறது. தசைக்குள் மயோசின் என்ற புரதத்தின் நுண்கைகள் ஆக்டின் இழைகளைப் பற்றி இழுக்கின்றன. ஒவ்வொரு பிடியையும் விடுவிக்க வழக்கமாக எரிபொருள் வேண்டும். இழுபட்டு நீளும்போதோ பல பிடிகள் இழுப்பிலேயே பிய்ந்துகொள்கின்றன, எரிபொருள் மிச்சம். ஒவ்வொரு பிடியும் தாங்கும் விசையும் அதிகம். அதனால் குறைந்த எண்ணிக்கையில் இழைகளை வேலைக்கு அமர்த்தியே மூளை காரியத்தை முடித்துவிடுகிறது.

மூச்சுக்கு இது லாபம். வேலைக்கு வந்த இழைகளுக்கோ நஷ்டம்: ஆள் குறைவு, தலைக்குச் சுமை அதிகம். நுண்ணிய கிழிசல்கள் ஏற்பட்டு ஓரிரு நாள் கழித்து வலி உச்சத்துக்கு வருகிறது. தாமதமாக வரும் இந்த வலியை அமெரிக்கரான தியோடர் ஹஃப் 1902லேயே விவரித்து, தசைக்குள் ஏற்படும் கிழிசலே காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஒருமுறை மிதமாக இப்படி நோகவிட்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் அவ்வளவு நோகாது. ராஜகிரிக்குப் போகத் திட்டமிருந்தால் ஒன்றிரண்டு வாரம் முன்பு வீட்டுப் பக்கத்தில் உள்ள ஏதாவது மாடிப்படியில் சில முறை இறங்கிப் பழகுவது, புதுச் செருப்பு வாங்குவதைவிடப் பயன்படும்.

இதெல்லாம் தசையின் கதை. மூட்டுக்குள் என்ன நடக்கிறது? உயிருள்ள மனிதரின் முழங்காலுக்குள் தராசு வைக்க முடியாது என்றுதான் வெகுகாலம் இருந்தார்கள். வெளியிலிருந்து படம்பிடித்துக் கணக்குப் போட்டார்கள். பிறகு வழி பிறந்தது. தேய்ந்த முழங்காலை மாற்றி உலோக மூட்டு பொருத்திக்கொள்பவர்கள் ஏராளம் அல்லவா? அந்தச் செயற்கை மூட்டுக்குள்ளேயே விசையை அளக்கும் உணரிகளையும் சிறு வானொலிக் கருவியையும் வைத்தார்கள். பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனைக் குழு, இப்படிப்பட்ட மூட்டு பொருத்திய ஐந்து பேரை நடக்கவும் படி ஏறி இறங்கவும் சொல்லி, 2010இல் அளவுகளை வெளியிட்டது. ஒரு முழங்காலின் மேல் விழும் உச்சச் சுமை, நடக்கையில் உடல் எடையைப் போல 2.6 மடங்கு. நாற்காலியிலிருந்து எழுகையில் கிட்டத்தட்ட 2.5. படி ஏறுகையில் 3.16. இறங்குகையில் 3.46. எழுபது கிலோ ஆள் ஒரு படி இறங்கினால் அந்த ஒற்றை முட்டி 240 கிலோ தாங்குகிறது. இது வழவழப்பான, ஒரே உயரமுள்ள ஆய்வகப் படியில் எடுத்த அளவு. செஞ்சிப் படிகள் அப்படிப்பட்டவை அல்ல.

ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இடையே உள்ள வித்தியாசம் பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. இறங்கும்போது வரும் வலி அனைத்தையும் இந்தப் பத்தின்மேல் ஏற்றிவிட முடியாது. பாரம் எப்படி விழுகிறது என்பதும் சேர்கிறது. ஏறியபோதே களைத்துவிட்ட தொடைதான் இறங்கும்போது பிரேக் பிடிக்க வேண்டும். அது பாதியில் கைவிட்டால் கால் 'தொம்' என்று அடுத்த படியில் விழும். அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள மூட்டைத் தவிர வேறு ஆள் இல்லை.

எழுபது கிலோ எப்படி 240 கிலோ ஆனது என்று கேட்கத் தோன்றும். முன்தொடைத் தசையின் நாண், மூட்டின் சுழலும் அச்சிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் தள்ளித்தான் இழுக்கிறது. மடங்கிய காலில் உடல் பாரமோ அதைப்போலப் பல மடங்கு தூரத்தில் இறங்குகிறது. சிறிய கையால் பெரிய கையைச் சமாளிக்க வேண்டுமானால் தசை பாரத்தைவிடப் பல மடங்கு இழுத்தாக வேண்டும். அந்த இழுப்பும் சேர்ந்தே எலும்பை எலும்போடு அழுத்துகிறது.

முட்டியின் முன்னால் கையில் தட்டுப்படும் வட்ட எலும்பு, முழங்காற்சில்லு, இந்த இடத்தில்தான் வருகிறது. கிணற்று ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு ஒரு பக்கம் வாளியையும் மறுபக்கம் கையையும் இணைக்கிறது. ராட்டினம் இரண்டு பக்க இழுப்பையும் சேர்த்துத் தாங்குகிறது. கயிறு ஏறக்குறைய நேராக ஓடி ராட்டினத்தை உரசிக்கொண்டு மட்டும் போனால் அதன்மேல் பாரம் இல்லை. கயிறு மடங்க மடங்கப் பாரம் ஏறும். தொடைத் தசையும் அதன் நாணும் கயிறு, சில்லு ராட்டினம். கால் நீட்டியிருக்கையில் கயிறு நேர். சில்லு தளர்ந்திருக்கும், விரலால் பக்கவாட்டில் நகர்த்தக்கூட முடியும். மடக்க மடக்கக் கயிறும் மடங்குகிறது, பாரம் மூட்டைவிட்டுத் தள்ளிப்போவதால் இழுப்பும் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து சில்லைத் தொடை எலும்பின்மேல் அழுத்துகின்றன. நிஜ ராட்டினத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு: சில்லு கயிற்றோடு தைக்கப்பட்டு, கயிற்றை எலும்பிலிருந்து தூக்கிப் பிடித்து நெம்புபலம் தருகிறது. சில்லை அறுவையில் எடுத்துவிட்டவர்களுக்குக் காலை நீட்டும் வலு கணிசமாகக் குறைவது இதனால்தான்.

அப்படியானால் முழுசாக உட்காரும் பஸ்கி ஆபத்து, பாதி உட்கார்ந்து எழுவது பத்திரம் என்றல்லவா ஆகிறது? பல ஜிம்களில் மாஸ்டர்கள் சொல்வதும் அதுதான். இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் கிளைன் 1961இல், ஆழ்ந்து உட்காரும் பயிற்சி முழங்காலின் தசைநார்களைத் தளர்த்திவிடுகிறது என்று எழுதினார். அமெரிக்கப் பயிற்சி உலகம் முழு ஸ்குவாட்டை ஒதுக்கியது. பின்னால் வந்தவர்கள் சோதித்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. ஆனால் முடிவு கரைந்த பிறகும் பயம் கரையவில்லை, நம் ஊர் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

உள்ளே நடப்பது இது. சில்லின் மேலுள்ள விசை ஏறக்குறைய செங்கோணம் வரை ஏறிக்கொண்டே போகிறது. அதற்கு மேலும் மடக்கினால் சில்லு எலும்பைத் தொடும் பரப்பு அகன்றுவிடுகிறது. தொடை நாணே எலும்பின்மேல் சாய்ந்து பாரத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது என்பதால், ஆழம் மட்டுமே வில்லன் ஆகாது. பாதி ஸ்குவாட்டில் இன்னொரு வம்பும் உண்டு. அது சுலபம், ஆகவே ஆட்கள் முழு ஸ்குவாட்டில் தூக்க முடியாத பிளேட்டுகளை அதில் ஏற்றுகிறார்கள். சரியாக மூட்டுக்குக் கடினமான கோணத்தில் நிறுத்தி, கூடுதல் சுமையோடு திரும்புகிறார்கள்.

'முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது' என்ற விதியையும் ஆய்வாளர்கள் அளந்தார்கள். 2003இல் ஃபிரை குழுவினர், முட்டி முன்னால் போகாதபடி ஒரு பலகையை நிறுத்தி ஏழு பேரை ஸ்குவாட் செய்யச் சொன்னார்கள். முட்டியின் மேலான திருப்புவிசை 150 நியூட்டன் மீட்டரிலிருந்து 117ஆகக் குறைந்தது. விதி ஜெயித்தது என்று கைதட்டுவதற்குள் இடுப்பைப் பார்க்க வேண்டும்: அங்கே 28ஆக இருந்தது 303 ஆகிவிட்டது. முட்டியைக் காப்பாற்றக் கீழ்முதுகையும் இடுப்பையும் அடகு வைத்த கதை. முட்டியில் ஏற்கெனவே கோளாறு உள்ளவருக்கு முட்டி முன்னால் போவதைக் கொஞ்சம் குறைப்பது உதவும். நல்ல முட்டிக்காரர் அதைச் சட்டமாக்கத் தேவையில்லை. அதைவிட முக்கியமானது, முட்டி கால்விரல் பார்க்கும் திசையிலேயே போகிறதா, எழும்போது உள்பக்கம் சரிகிறதா என்பது. சரிந்தால் அந்த ரெப்போடு நிறுத்திவிட வேண்டும்.

இனி மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான படலம் அது. சில மில்லிமீட்டர் தடிமன், பெரும்பகுதி தண்ணீர். அதில் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. இதை ஒருவர் தன் சொந்த முட்டியிலேயே காட்டினார். சான்ஃபிரான்சிஸ்கோ எலும்பு மருத்துவர் ஸ்காட் டை, 1998இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, மூட்டுக்குள் மயக்க மருந்து இல்லாமல் தன் முழங்கால்களைத் துளைத்து உள்ளே கம்பியால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மூட்டின் உள்சவ்விலும் சில்லுக்குக் கீழே உள்ள கொழுப்புத் திண்டிலும் தொட்டபோது கடுமையாக வலித்தது. சில்லின் குருத்தெலும்பை அழுத்திக் குத்தியபோதோ எதுவுமே தெரியவில்லை. ஆக, 'முட்டி வலிக்கிறது, குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது' என்று நாமே தீர்ப்பு எழுதுவது சரியல்ல. 'வலியே இல்லை, குருத்தெலும்பு நன்றாக இருக்கிறது' என்பதும் சரியல்ல. வலி எங்கிருந்தோ வருகிறது. குருத்தெலும்பு வாய் திறப்பதில்லை.

ரத்தம் இல்லாத அந்தப் படலம் எப்படிச் சாப்பிடுகிறது? சுமை விழும்போது நீரைக் கசியவிட்டு, சுமை விலகும்போது மூட்டுத் திரவத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஊட்டம் அதோடு உள்ளே போகிறது. ஜெர்மனியில் எக்ஸ்டைன் குழுவினர் ஆட்களை 50 முறை உட்கார்ந்தெழச் சொல்லி உடனே எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். சில்லின் குருத்தெலும்பு சுமார் 6 சதவீதம் கன அளவில் சுருங்கியிருந்தது. பழைய அளவுக்குத் திரும்ப ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அசையாமல் கிடக்கும் மூட்டுக்கு இந்தச் சாப்பாடு கிடைப்பதில்லை. சுமையே வேண்டாம் என்று காலை நீட்டிப் படுப்பது முட்டிக்குப் பாதுகாப்பு ஆகாததற்குக் காரணம் இது.

ஆனால் குருத்தெலும்பின் சட்டகமான கொலாஜன் இழைகள் வேறு விஷயம். அவற்றின் வயதை அறிய எதிர்பாராத ஓர் அளவுகோல் கிடைத்தது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கரிமம்-14இன் அளவைத் திடீரென்று கூட்டின. அத்தகைய சோதனைகளைத் தடுத்த 1963 ஒப்பந்தத்துக்குப் பின் அது படிப்படியாகக் குறைந்தது. அந்தந்த ஆண்டில் உருவான திசு அந்தந்த ஆண்டின் அளவைத் தாங்கியிருக்கும். டென்மார்க்கின் காத்யா ஹைனமையரும் சகாக்களும் முழங்கால் குருத்தெலும்பின் கொலாஜன் இழைகளில் அந்த அளவைப் பார்த்து 2016இல் சொன்னது: அந்த இழைகள் இளமையில் உருவானவை, பிறகு ஏறக்குறைய மாற்றப்படுவதே இல்லை. குதிகால் நாணின் உள்பகுதியும் அப்படித்தான் என்று 2013இலேயே கண்டிருந்தார்கள். யாரோ எங்கோ வெடித்த குண்டு நம் முட்டியின் வயதைச் சொல்ல உதவியது.

என் பார்வையில் காலுக்குக் கனமான பயிற்சி செய்பவர் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி இங்கேயே முடிகிறது. முதல் சில வாரங்களில் எடை ஏறுவது பெரும்பாலும் நரம்புகள் தசையை நன்றாக ஏவக் கற்றுக்கொள்வதால். அடுத்து தசை பருக்கிறது. நாண் மாதக்கணக்கில் மெல்ல இறுகுகிறது. குருத்தெலும்பின் சட்டகமோ ஏறக்குறைய புதுப்பிக்கப்படுவதே இல்லை. வாரா வாரம் பிளேட் கூட்டுகிற பையன் வேகமான கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்கிறான்; முட்டி மெதுவான கடிகாரத்தில் ஓடுகிறது. 'போன வாரத்தைவிட இன்னும் அஞ்சு கிலோ போடலாம் அண்ணே' என்று தசை சொல்லும்போது நாணிடமும் கேட்க வேண்டும். அதற்குக் குரல் உண்டு: சில்லுக்குக் கீழே, பயிற்சிக்கு மறுநாள் காலையிலும் நீடிக்கும் வலி. அது ஒரு நாளில் தணிந்தால் அதே எடையில் தொடரலாம். தணியாவிட்டால் எடையைக் குறைக்க வேண்டும், பயிற்சியை விட வேண்டியதில்லை.

முட்டிகள் எவ்வளவு தாங்கும் என்பதற்கு வேலூர் சத்துவாச்சாரியின் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கத்தைப் பார்க்கலாம். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018இல் மறுபடியும் தங்கம். இந்த விளையாட்டில் கம்பியை மார்புக்கு வாங்கிக்கொண்டு முழுதாக உட்கார்ந்த நிலையிலிருந்து எழ வேண்டும். அதற்காக இதை முட்டிக்குச் சேதமில்லாத விளையாட்டு என்று சொல்லிவிட முடியாது. பின்லாந்தில் 45 முதல் 68 வயதான 117 முன்னாள் முன்னணி வீரர்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு 1995இல் வந்தது. முழங்கால் தேய்மானம் பளுதூக்குவோரில் 31 சதவீதம், கால்பந்து வீரர்களில் 29, ஓட்டக்காரர்களில் 14, துப்பாக்கி சுடுவோரில் 3. கால்பந்தில் பழைய காயங்களும் பளுதூக்குதலில் உடல் கனமும் இதில் ஒரு பங்கு வகித்தன. ஆரோக்கியத்துக்காக ஜிம் போகிறவர் இந்த உச்சத்தை எட்டப்போவதில்லை. அவருக்கு அந்த அளவு சுமையும் தேவையில்லை.

நடைமுறைக்கு வருவோம். இறங்கும் பாதியை இரண்டு மூன்று விநாடி எடுத்துச் செய்வது, அடியில் துள்ளி எழாதிருப்பது, வெறும் கம்பியோடு சில செட் செய்து மூட்டைச் சூடேற்றுவது: சலிப்பூட்டும் அறிவுரைகள்தான், ஆனால் மேலே சொன்ன அத்தனையும் இவற்றில்தான் வந்து இறங்குகிறது. முன்முட்டி வலி உள்ளவர்கள் கோணத்தைத் தேர்ந்துகொள்ளலாம். ஸ்குவாட்டில் சில்லின் அழுத்தம் ஆழத்தில் ஏறுகிறது. உட்கார்ந்து காலை நீட்டும் லெக் எக்ஸ்டென்ஷனில் கால் நேராகும் தறுவாயில் ஏறுகிறது. முன்னதில் மேல்பாதியும் பின்னதில் கீழ்ப்பாதியும் அவர்களுக்கு இதமானவை. முட்டியில் மாட்டும் ரப்பர் உறை சூட்டைத் தக்கவைக்கும், தைரியம் தரும், அவ்வளவே. இறுகச் சுற்றும் பட்டை சுருள்வில்லாக இயங்கி எடையைத் தூக்க உதவும். அதிக எடை தூக்க உதவுவதைப் பாதுகாப்பு என்று விற்பது வியாபாரம். மலை இறங்குபவர்களுக்குப் பழைய ஊன்றுகோலே மேல். இரு கையிலும் கோல் ஊன்றிச் சரிவில் இறங்கியவர்களின் முழங்கால் சுமை 12 முதல் 25 சதவீதம் குறைந்ததாக 1999இல் அளந்திருக்கிறார்கள்.

பலரைப் பயமுறுத்தும் 'நறநற' சத்தம், வலியோ வீக்கமோ இல்லாதவரை, கவலைப்பட வேண்டிய விஷயமல்ல. ஆரோக்கியமான முட்டிகளிலும் அது சகஜம். கால் திரும்பியதும் 'டப்' என்று ஏதோ அறுந்த உணர்வு, சில மணி நேரத்தில் பெரிய வீக்கம், நீட்டவோ மடக்கவோ முடியாமல் பூட்டிக்கொள்வது, நடக்கையில் திடீரென்று மடங்கி விழுவது இவற்றில் எது வந்தாலும் தசைநாரோ, எலும்புகளுக்கு இடையே மெத்தையாக இருக்கும் பிறைக்குருத்தோ கிழிந்திருக்கலாம். எண்ணெய் தேய்த்து நாளைக் கடத்தாமல் எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும், அதுவரை அந்தக் காலில் சுமை ஏற்றக் கூடாது.